கொடியில் கிடக்கும் சட்டை

ஃபிராங்க்ளின் டவுன், கிங்ஸ்டன்
9 மார்ச் 1986

அன்புள்ள இசில்டா,

நீ நலமா? நான் நலமாகத்தான் இருக்கிறேன், இடது முழங்கால் தவிர. பர்மிங்காமிலிருந்து நீ போட்ட அட்டை வந்தது. மொத்தம் நான்கு வரி. அதில் மூன்று குளிரைப் பற்றி.

போன ஞாயிறு நம் ஸ்பீக்கர் பெட்டிக்கார ஃபெஸ்டஸ் வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே வரச் சொன்னேன். காலையிலிருந்து ஈயம் பற்றவைத்த கை, நாற்காலி அழுக்காகும் என்று மறுத்துவிட்டார்.

“டீச்சர், இசி எப்ப வரா?”

“எழுதினாத்தானே தெரியும்.”

“கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பாட்டு மோதல் பேசியிருக்கோம். என் ஹார்பர் லயன் சவுண்டு செட்டும் தண்டர் கிங் செட்டும். இங்கிலாந்துல இருக்கற சவுண்டு செட்டுக்கெல்லாம் இசி பேர் போட்டுப் பாடிக் குடுத்திருக்கா. அவ மொதமொதல்ல மைக்கைப் பிடிச்சது என் பெட்டிக்கு முன்னால. எனக்கு ஒரு பாட்டுத் தட்டுகூட இல்ல. தெருவுல சிரிக்கிறாங்க.”

பாடிய பாட்டையே மறுபடி பாடி, அதில் ஒரு ஸ்பீக்கர் பெட்டிக்காரரின் பெயரைச் செருகி, உலகத்துக்கே ஒரே ஒரு தட்டாக வெட்டி அவரிடம் கொடுப்பது எனக்கு இன்றைக்கும் விளங்காத தொழில். ஆனால் உன் ‘கொடியில் கிடக்கும் சட்டை’ பாட்டு இல்லாமல் போனால் தோற்பது நிச்சயம் என்கிறார். தோற்றால் பெட்டிகளைக் கோழிக்கூண்டாக்கிவிடுவாராம். விளையாட்டாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

உன் அக்கா,
வெர்னா


பிரிஸ்டல்
2 மே 1986

என் வெர்னா அக்காவுக்கு,

இந்தச் சில வரிகள் கைக்கு வரும்போது நீ சுகமாக இருக்க வேண்டும், முழங்காலும் சேர்த்து. எனக்கு ஒரு குறையும் இல்லை. மேலே பார், முகவரி மாறியிருக்கிறது. பர்மிங்காமில் ஜன்னலைத் திறந்தால் தொழிற்சாலைச் சுவர். இங்கே திறந்தால் இன்னொரு ஜன்னல், அதில் ஒரு பூனை. நாள் முழுக்க இரண்டு பேரும் முறைத்துக்கொண்டிருக்கிறோம். இங்கேயும் ரொம்ப நாள் இருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது.

ஃபெஸ்டஸிடம் சொல், ஆகஸ்டில் வருகிறேன். ஆறாம் தேதி சுதந்திர தினத்துக்கு முன்னாலேயே. இறங்கின கையோடு பாடிக் கொடுத்துவிட்டு அப்புறம்தான் குளியல். தண்டர் கிங்கைக் கிண்டல் செய்ய வரிகூட யோசித்துவிட்டேன்: ‘கொடியில் கிடக்கும் உன் பெட்டியை எடுத்துக்கொண்டு போ.’ எப்படி?

ஒரு உதவி செய். வேலியில் படர்ந்திருக்கிற காட்டுப் பாகலைக் காயவைத்து அனுப்பு. நிறைய அனுப்பு. இஞ்சியும். ஒரு சளி பிடித்தது, விடவே மாட்டேன் என்கிறது. ரொட்டி வைக்காதே, போன தடவை பச்சைப் பூஞ்சையாக வந்தது.

பக்கத்து வீட்டு மிஸ் லிண்டோவைக் கேட்டதாகச் சொல். அவர் வீட்டு நாய் இருக்கிறதா?

உன்
இசி


கிங்ஸ்டன்
24 ஜூன் 1986

அன்புள்ள இசில்டா,

நான் சுகம். பாகல் கொடியும் இஞ்சியும் போன மாதமே அனுப்பினேன். கிடைத்ததா என்று நீ எழுதவில்லை. ஒரு சளிக்கு எதற்கு இவ்வளவு பாகல்? அந்த அளவுக்கு ஒரு குதிரைப் படைக்கே வைத்தியம் பார்க்கலாம். இந்த வருஷம் உன் புதுப் பாட்டு எதையும் வானொலியில் கேட்கவில்லை. நான் கேட்கிற நேரத்தில் போடவில்லையோ என்னவோ.

இன்னொன்று. இருபத்தொன்றாம் தேதி, எனக்கு நாற்பத்தொன்பது முடிந்த அன்று, மிஸ் லிண்டோ வேலிக்கு மேலே தலையை நீட்டி, “இங்கிலாந்து போன், ஓடியா, ஓடியா” என்று கத்தினார். முழங்காலோடு ஓடினேன். எடுத்தால் ஓர் ஆண். நல்ல போதை. “வெர்... வெர்...” என்கிறான். என் பெயரை முழுதாகச் சொல்லக்கூட நாக்கு வரவில்லை. வைத்துவிட்டேன். உன் வாழ்க்கையில் நான் தலையிட்டதில்லை. ஆனால் உன் வீட்டில் குடித்துவிட்டுக் கிடக்கிறவனை விட்டு என்னோடு பேச வைக்காதே. நீயே பேசியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

ஜூலி மாம்பழம் இந்த வருஷம் கொட்டுகிறது. ஆகஸ்டில் வந்தால் கடைசிப் பழங்கள் மிஞ்சும். ஃபெஸ்டஸ் தினமும் கேட்கிறார்.

அன்புடன்,
வெர்னா


டொரண்டோ
30 ஜூலை 1986

வெர்னா அக்கா,

சுகமா? நான் கல்லு மாதிரி இருக்கிறேன். ஆமாம், டொரண்டோ. கேட்காதே. பூனை ஜெயித்துவிட்டது.

அந்த ஆள் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரன், விட்டுத் தள்ளு. இனிமேல் போன் வராது.

ஆகஸ்டில் வர முடியாது. காகிதம் ஏதோ சரியாக இல்லை. கிறிஸ்துமஸுக்கும் சந்தேகம்தான். அதனால் யோசித்தேன். கோபப்படாமல் படி. நீ பாடிவிடு.

நாம் இரண்டு பேரும் பின்கட்டில் பாடும்போது அம்மா அடுப்படியிலிருந்து, “இப்ப பாடறது எவ? தண்ணி கொண்டு வாங்கடி” என்று கேட்பாள், நினைவிருக்கிறதா? பெற்றவளுக்கே தெரியாதது பெட்டிக்காரருக்குத் தெரியுமா? அந்தப் பாட்டின் அடியில் வருகிற இரண்டாவது குரலே நீதான். தலைமையாசிரியைக்குத் தெரிந்தால் வேலை போய்விடும், என் பேரைப் போட்டுத் தொலைக்காதே என்று கெஞ்சினாயே. நானும் போடவில்லை.

நாடாவில் பதிந்து, இசி அனுப்பினாள் என்று ஃபெஸ்டஸிடம் கொடு. தட்டு வெட்டுவதை அவர் பார்த்துக்கொள்வார். கொஞ்சம் மூக்கால் பாடு. நீ பாடும்போது ஒவ்வொரு வார்த்தையையும் துவைத்து, இஸ்திரி போட்டு வைப்பாய், அது கூடாது.

உன்
இசி


கிங்ஸ்டன்
18 ஆகஸ்ட் 1986

இசில்டா,

நலம். நீயும் நலம் என்று எழுதியிருக்கிறாய், நம்புகிறேன்.

நீ சொன்னது நடக்காது. நான் ஒரு பெண்கள் பள்ளியின் துணைத் தலைமையாசிரியை என்பதற்காக இல்லை. ஃபெஸ்டஸிடம் பொதுவாக விசாரித்தேன், யாராவது வேறு குரலைப் போட்டால் என்ன ஆகும் என்று.

“ஓல்ட் ஹார்பர் பக்கம் ஒருத்தன் போட்டான், டீச்சர். ரெண்டாவது வரி வர்றதுக்குள்ள ஜனம் திரும்பிருச்சு. அடிக்கல, திட்டல. மொத்தக் கூட்டமும் அவனுக்கு முதுகைக் காட்டிட்டு நின்னுச்சு. அதுக்கப்புறம் அவன் பெட்டியை ஒரு கல்யாணத்துக்குக்கூட எவனும் கூப்பிடல. இப்ப ஐஸ் விக்கிறான்.”

“ஐஸ் விக்கிறது கௌரவமான தொழில்தானே?”

“நல்ல தொழில்தான். ஆனா அவன்கிட்ட ஐஸ் வாங்குறவனும் ‘இது நிஜ ஐஸா?’ன்னு கேக்குறானே.”

இந்த மனிதரை நீ என் கையால் அங்கே நிறுத்தப் பார்க்கிறாய். வர முடியாது என்றால் ஏன் என்று நேராக எழுது. காகிதம் என்றால் எந்தக் காகிதம்? போனிலாவது பேசு.

வெர்னா


கிங்ஸ்டன்
28 செப்டம்பர் 1986

அன்புள்ள இசில்டா,

உனக்கு எழுதிய கடிதம் ஒன்று ‘இந்த முகவரியில் இல்லை’ என்று திரும்பி வந்தது. இதையும் அதே முகவரிக்குத்தான் போடுகிறேன், வேறு எது தெரியும்? பள்ளியில் தேர்வுத்தாள் திருத்தும்போது ஒரே தாளுக்கு இரண்டு முறை மதிப்பெண் போட்டேன். சமைக்கப் போனால் பாதியில் வாசலுக்கு வந்து நிற்கிறேன். எனக்கு இது பழக்கமில்லை.

உயிரோடு இருக்கிறாய் என்று ஒரு வரி போதும்.

அக்கா


ஹார்ட்ஃபோர்ட்
19 அக்டோபர் 1986

வெர்னா அக்கா,

உயிரோடு இருக்கிறேன். நீ சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். உன் கடிதம் ஊர் ஊராகச் சுற்றி வந்து சேர்ந்தது.

சொல்லிவிடுகிறேன். ஏப்ரலில் பர்மிங்காமில் தொண்டையில் அறுவை நடந்தது. குரல் நாணில் முடிச்சுகள். டாக்டர்மேல் தப்பில்லை, வலியோடு வருஷக்கணக்காகப் பாடிவிட்டுப் போனேன். முடிச்சோடு பாட்டும் போய்விட்டது. ஆறு வாரம் வாயைத் திறக்காதே என்றார். முப்பது வருஷமாக நீ இலவசமாகச் சொன்ன புத்திமதி. ஆறு வாரம் கழித்துத் திறந்தேன். உள்ளிருந்து வந்தது நான் இல்லை. இனி வராது என்கிறார்கள்.

எந்த ஊரில் இறங்கினாலும் நம் ஆட்கள் இருக்கிறார்கள். இரண்டு மாதத்தில் கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஞானஸ்நானம், கல்யாணம், யாரோ ஒருவரின் பிறந்த நாள். “இசி வந்திருக்காடா, மைக்கைக் குடு.” சளி என்று சைகை காட்டுகிறேன். ஒரே ஆளிடம் மூன்று தடவை சளி என்று சொல்ல முடியாது. பெட்டியைக் கட்டிவிடுகிறேன்.

உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது. ஊருக்குத் தெரிந்தால் அப்புறம் எந்த முகத்தோடு அங்கே வருவேன்? பாடாத இசியை அங்கே யாருக்குத் தெரியும்? அம்மாவின் வேதாகமத்தில் கை வைத்து, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று எழுது. அது வந்தால்தான் நான் தூங்குவேன்.

இசி


கிங்ஸ்டன்
16 நவம்பர் 1986

அன்புள்ள இசில்டா,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வலி இருக்கிறதா? விழுங்க முடிகிறதா? சூடாக எதையும் குடிக்காதே. பாகல் இதற்கெல்லாம் ஒன்றும் செய்யாது. ஆனாலும் இன்னொரு பை அனுப்பியிருக்கிறேன்.

இங்கே விசேஷம் எதுவும் இல்லை. மழை அதிகம். பச்சைத் துவரை காய்த்துவிட்டது, கிறிஸ்துமஸ் சோற்றுக்குக் கவலையில்லை. மிஸ் லிண்டோவின் நாய் இருக்கிறது, நீ கேட்டிருந்தாய்.

போன புதன்கிழமை டவுனில் வேறு வேலையாகப் போனபோது தட்டு வெட்டுகிற இடத்தைத் தாண்டிப் போக நேர்ந்தது. முற்றத்து நிழலில் பாடகர்கள் உட்கார்ந்திருந்தார்கள். என் கைப்பையையும் கண்ணாடியையும் பார்த்துவிட்டு ஒருவன், “டீச்சரம்மா, பாட வந்தீங்களா, அட்டெண்டன்ஸ் எடுக்க வந்தீங்களா?” என்றான்.

“வழி கேக்க வந்தேன்.”

“இங்க எல்லாரும் அதுக்குத்தாம்மா உக்காந்திருக்கோம்.”

சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன், ஆனால் பேருந்து வந்துவிட்டது.

அம்மாவின் வேதாகமம் அலமாரியில்தான் இருக்கிறது. தூசி தட்டி வைத்தேன்.

ஒழுங்காகச் சாப்பிடு.

வெர்னா


கிங்ஸ்டன்
28 டிசம்பர் 1986

அன்புள்ள இசில்டா,

நான் நலம். இதைப் படித்த பிறகு நீ எப்படி இருப்பாய் என்று தெரியவில்லை. உட்கார்ந்துகொண்டு படி.

நீ சத்தியம் கேட்டாய். நான் பதில் எழுதாமல் விட்டேன். நீ கவனித்திருப்பாய்.

இந்த மாதம் முதல் வாரம் ஃபெஸ்டஸ் வந்தார். முதல் தடவையாக நாற்காலியில் உட்கார்ந்தார். கையில் ஒரு நாடாவும் அதைப் போடும் பெட்டியும். லண்டனில் அக்டோபரில் நீ பாடியது என்று யாரோ அவரிடம் விற்றிருக்கிறான். “உங்க காது சொன்னாப் போதும், டீச்சர். நாளைக்கே தட்டா வெட்டிடுவேன்” என்றார். கேட்டேன். உன்னைப் போலவே பாடும் ஏதோ ஒரு பெண். மூச்சு வாங்கும் இடம்கூட உன்னுடையதுதான். அக்டோபரில் நீ ஹார்ட்ஃபோர்டில் வாய் திறக்காமல் இருந்தாய் என்று எனக்குத் தெரியாமல் இருந்தால் நானே ஏமாந்திருப்பேன்.

“இது அவ இல்ல.”

“எப்படிச் சொல்றீங்க?”

“இல்ல, அவ்வளவுதான்.”

“வெறும் ‘இல்ல’ன்னா எப்படி, டீச்சர்? இன்னும் மூணு வாரம் இருக்கு. என்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதான். நான் போட்டுருவேன்.”

போட்டிருப்பார். கூட்டம் முதுகைக் காட்டியிருக்கும். அதனால் காரணத்தைச் சொன்னேன்.

நாடாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். கேட்டுக்கு வெளியே போய் நின்று, “அந்தப் பாட்டுக்கு அடியில ஒரு குரல் வருமே, டீச்சர். பதினெட்டு வருஷமா கேக்கணும்னு இருக்கேன். அது யாரு?” என்றார்.

மறுநாள் பள்ளி விட்டதும் அவரோடு போனேன். முற்றத்தில் அதே ஆட்கள். “வழி கிடைச்சிருச்சு போல” என்றான் ஒருவன். உள்ளே மெஷின்காரர் என்னை மைக்கின் முன் நிறுத்தி, “மொதல்ல பேரைச் சொல்லுங்க, அப்புறம் பாட்டு. பேர் இல்லாத தட்டு எனக்கு வேணாம்” என்றார். நீ என்ன எதிர்பார்த்தாய்? என்னால் உன் பெயரைச் சொல்ல முடியவில்லை. என் பெயர் வந்துவிட்டது. பிறகு மற்றதும்.

வெள்ளிக்கிழமை மோதலுக்கு நான் போகவில்லை. வீட்டில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். ஓடைக்கு அந்தப் பக்கத்து மைதானத்திலிருந்து வந்த சத்தத்தில் ஜன்னல் கண்ணாடிப் பட்டைகள் ஆடின. சத்தம் திடீரென்று நின்றது. நின்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை ஃபெஸ்டஸ் வந்து, அவர் வாயாலேயே சொன்னார்:

“‘நான் வெர்னா பின்னாக். இசியோட அக்கா. இசிக்குத் தொண்டை போச்சு. அவ துணியைக் கொடியிலருந்து எடுக்க வந்திருக்கேன்’னு நீங்க சொன்னதும் ஒரு சத்தம் இல்ல, டீச்சர். செத்தோம்னு நெனச்சேன். பாட்டு ஆரம்பிச்சது. நடுவுல ஒரு கிழவர், ‘அடேய், அது அடிக்குரல்டா, அந்த அடிக்குரல்’னு கத்தினாரு. அவ்ளோதான். பானை மூடி, தகர வேலி, கைக்கு எட்டினதையெல்லாம் அடிச்சாங்க. முள்ளைத் தூக்கி மொதல்லருந்து போடு, மொதல்லருந்து போடுன்னு நாலு தடவை. தண்டர் கிங் ஆளு அவன் பெட்டி மேலயே ஏறி நின்னு கேட்டான்.”

“ஜெயிச்சீங்களா?”

“அவன் வயரைச் சுத்த ஆரம்பிச்சுட்டான். வேற என்ன வேணும்?”

இப்போது ஊருக்கே தெரியும். நீ எதைப் பயந்து ஒன்பது மாதம் ஓடினாயோ அதை நான் ஸ்பீக்கரில் சொல்லியிருக்கிறேன். ஜனவரி ஐந்தாம் தேதி பள்ளி திறக்கிறது. தலைமையாசிரியையும் கேட்டிருப்பார். அது என் பாடு.

கோபப்படு. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அக்கா


புரூக்ளின்
11 ஜனவரி 1987

வெர்னா அக்கா,

நீ சுகமா என்று கேட்கக் கூடாது என்றுதான் பேனாவை எடுத்தேன். சுகமா?

உன் கடிதம் எதுவும் வரவில்லை. அதற்கு முன்னால் கேசட் வந்துவிட்டது. நம் ஊர் மோதலைப் பதிந்த கேசட் இங்கே வர எத்தனை நாள் ஆகும் என்று நினைத்தாய்? யாரோ விமானத்தில் வரும்போது காலுறைக்குள் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். முடி பின்ன உட்கார்ந்திருந்தேன். பாதித் தலை முடிந்திருந்தது. கடைக்காரி டெல்சி கேசட்டைப் போட்டாள். காத்திருந்த பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

“யாருடி இது, கணக்கு டீச்சர் மாதிரி பாடறா?”

“வாயை மூடு, முள்ளைத் தூக்குறான் பாரு.”

தொண்டை போச்சு என்று நீ சொன்னது எத்தனை பெண்கள் நடுவில் என் காதில் விழுந்தது தெரியுமா? எல்லோரும் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்கள். பாதிப் பின்னலோடு எழுந்து வெளியே போனேன். பனியில் நடந்தேன். உன்னைத் திட்டினேன். திட்டக்கூடக் குரல் இல்லாததால் மனதுக்குள்ளேயே. எந்த ஊருக்கு ஓடலாம் என்று யோசித்தேன். கேசட் போகாத ஊர் ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் டெல்சி கடைக்குத் திரும்பிப் போனேன். பாதித் தலையோடு எத்தனை நாள் இருப்பது? அவள் மகள் கல்யாணத்துக்குப் பாட வேண்டும் என்று நவம்பரிலிருந்து நச்சரிக்கிறவள். அன்றைக்கு, “தலையைச் சாய்ங்க” என்றாள். அவ்வளவுதான். பின்னி முடித்து, கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுத்தாள். “சாப்பிட வாங்க” என்றாள்.

வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். ஊரிலும் அப்படித்தானே இருக்கும்? இனி என் கையில் யாரும் மைக்கைத் திணிக்க மாட்டார்கள். வா, சாப்பிடு என்பார்கள்.

கேசட்டை வாங்கி வந்து கேட்டேன். மூன்றாவது வரியில் முந்திக்கொண்டு நுழைகிறாய், எப்போதும் போல. அந்த இடத்தை விட்டுவிட்டுப் பார்த்தால் நன்றாக இருக்கிறது. கோபம் இன்னும் போகவில்லை. நேரில் வந்து கோபப்படுகிறேன். இருபத்து நான்காம் தேதி சனிக்கிழமை விமானம். ஃபெஸ்டஸை வண்டி கொண்டுவரச் சொல், பெட்டிகளை இறக்கிவிட்டு. இந்தக் கடிதம் தபாலில் இல்லை, நாளை ஊருக்கு விமானம் ஏறும் ஒருத்தி கையில் வருகிறது.

நான் வருவதற்கு முன், பதினெட்டாம் தேதி ஞாயிறு, நீ கோயிலிலிருந்து வந்ததும் மிஸ் லிண்டோ வீட்டுக்குப் போன் செய்கிறேன். ஓடி வராதே, முழங்கால் இருக்கிறது. காத்திருக்கிறேன். எடுத்தால் ஜூனில் பேசின அதே குடிகாரன் குரல்தான் வரும். அன்றைக்கு உனக்குப் பிறந்த நாள் வாழ்த்துச் சொல்லத்தான் கூப்பிட்டேன். ஆறு வாரம் முடிந்து முதன்முதலாக வாயைத் திறந்ததே உனக்காகத்தான். “வெர்” வரைதான் வந்தது.

இந்தத் தடவை நான் “வெர்னா அக்கா” என்று முழுதாகச் சொல்லி முடிக்கிறவரைக்கும் போனை வைத்துவிடாதே.

உன்
இசி